அறுவை மேசையிலிருந்து அல்காரிதம் வரை: ஒரு மெழுகு பிளாக்கின் பயணம்

நான்கு சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். பிளாஸ்டிக் சட்டம் ஒன்று; அதன் முதுகில் வெள்ளை மெழுகு; மெழுகுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கொஞ்சம் சதை. சட்டத்தின் சரிவான விளிம்பில் பென்சிலால் எழுதிய எண். பேனாவால் எழுதினால் அடுத்தடுத்து வரும் ஆல்கஹாலும் சைலீனும் மையைக் கரைத்து அழித்துவிடும். பென்சில் எழுத்து எதிலும் கரையாது. எண் அழிந்தால் அந்தச் சதை யாருடையது என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது.

இதைத்தான் ஆய்வகத்தில் பிளாக் என்கிறார்கள். புற்றுநோயைக் கண்ட குடும்பங்களுக்கும் இந்தச் சொல் பழக்கமானது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க வெளியூர் போகும்போது பிளாக்கையும் ஸ்லைடுகளையும் உறையில் போட்டு, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஒவ்வொருவரின் மரபணுவையும் புரதங்களையும் பார்த்து அவரவருக்குப் பொருந்தும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவத்தைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். தரவு என்கிறோம், செயற்கை நுண்ணறிவு என்கிறோம், சட்டம் வேண்டும் என்கிறோம். அந்தப் பேச்சில் இந்த பிளாக் தலைகாட்டுவதே இல்லை. ஆனால் புற்றுநோயில் தரவு என்று எதைச் சொல்கிறோமோ, அதில் பெரும்பங்கு இதற்குள்ளிருந்துதான் புறப்படுகிறது. மார்பகப் புற்றுநோயிலிருந்து எடுத்த ஒரு பிளாக் எந்தெந்தக் கைகளைக் கடந்து போகிறது என்று பார்த்தால், எந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

பயணம் ஆபரேஷன் தியேட்டரில் தொடங்குகிறது. கட்டிக்குப் போகும் ரத்தம் நின்ற நிமிடத்திலிருந்தே சதை கெடத் தொடங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே செல்லைச் செரிக்க ஆரம்பித்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது ஃபார்மலின். 1893-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் ஃபார்மால்டிஹைடு கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யச் செய்யத் தன் விரல் தோல் இறுகிப்போவதைக் கவனித்தார். தோலை இறுக்கும் திரவம் சதையையும் கெடாமல் இறுக்கி வைக்கும் என்று அவருக்குப் பட்டது. அந்தக் கண்டுபிடிப்பைத்தான் 130 ஆண்டுகள் கழித்தும் எல்லா ஆஸ்பத்திரிகளும் நம்பி இருக்கின்றன.

ஃபார்மலினுக்கு அவசரம் தெரியாது. சதைக்குள் அது மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் ஊறும். அகற்றிய மார்பகத்தை அப்படியே வாளியில் மூழ்கவைத்தால் வெளிப்புறம் இறுகியிருக்கும், நடுவிலிருக்கும் கட்டி கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கட்டியின் குறுக்கே உடனே வெட்டித் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள். மார்பகத் திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோய்க்குறியியலாளர் கல்லூரியும் சேர்ந்து வகுத்த இந்த விதியை உலகம் முழுவதும் பின்பற்றச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை ஆபரேஷன். சனி, ஞாயிறு ஆய்வகம் மூடியிருக்கிறது. திங்கட்கிழமை பொங்கல். செவ்வாய்க் காலையில் டப்பாவைத் திறக்கும்போது 80 மணி நேரம் தாண்டியிருக்கும். அந்தச் சதையில் இனி எந்தப் புரதத்தைத் தேடினாலும், கிடைக்கும் விடையை முழுதாக நம்ப முடியாது.

மரபணு ஆய்வுக்கு வரும்போது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும். அதோடு சில இடங்களில் எழுத்தையே மாற்றிவிடும். சைட்டோசின் இருந்த இடத்தை வரிசை படிக்கும் கருவி தைமின் என்று படிக்கும். அந்த நோயாளியின் உடம்பில் என்றுமே இல்லாத பிறழ்வு ஒன்று, டப்பாவில் கிடந்த நேரத்தில் முளைத்து, அறிக்கையில் ஏறி உட்காரும். அனுபவமுள்ள ஆய்வகங்களுக்கு இது தெரியும், சலித்து எடுத்துவிடுவார்கள். சலிக்காமல் விட்டால் கணினிக்குக் கிடைக்கும் தரவு அதுதான்.

ஃபார்மலினிலிருந்து எடுத்த சதை, திசுவைப் பதப்படுத்தும் பிராசசர் என்ற கருவிக்குப் போகும். இரவு முழுவதும் ஓடும் அதில் ஆல்கஹால் நீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், கடைசியில் உருக்கிய மெழுகு உள்ளே புகுந்து நிறையும். காலையில் டெக்னீஷியன் ஒவ்வொரு துண்டையும் இடுக்கியால் எடுத்து, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பார்த்து அச்சில் வைத்து மெழுகு ஊற்றுவார். பிளாக் தயார். பிறகு பனிக்கட்டிமேல் வைத்துக் குளிரவைத்து, ஏடாகச் சீவும் மைக்ரோடோமில் பூட்டுவார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற 4 மைக்ரான் தடிமனில் ஏடு ஏடாக வந்து விழும். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. பக்கத்தில் யாரும் பெருமூச்சு விடக் கூடாது. ஒட்டியபடி ரிப்பனாக வரும் ஏடுகளைத் தூரிகை நுனியால் தாங்கி, இளஞ்சூடான நீர்த்தொட்டியில் மிதக்கவிடுவார். சுருக்கம் தானாக விரியும். கண்ணாடி ஸ்லைடைச் சாய்வாக நீருக்குள் இறக்கி, ஓர் ஏட்டை அதன்மேல் ஒட்டவைத்து மேலே எடுப்பார். ஏடு மடிந்திருந்தால் அந்த மடிப்பு நிறமேற்றிய பிறகு கருத்த கோடாகத் தெரியும். கத்தியில் சிறு பல் விழுந்திருந்தால் ஏடு முழுவதும் கீறல் ஓடும். மருத்துவர் கண் இதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்க்கும். கணினிக்கு அதையும் சொல்லித்தர வேண்டும்.

நிறமேற்றுவது ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்கள். ஹெமடாக்சிலின் மெக்சிகோவின் கம்பெச்சே பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருகிறது. துணிக்குச் சாயம் போட ஐரோப்பியர் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன அதே மரம். இன்று செயற்கை நுண்ணறிவுக்குக் கற்பிக்கும் லட்சக்கணக்கான படங்களில் செல்லின் உட்கரு ஊதா நிறத்தில் தெரிவது அந்த மரச்சாயத்தால். ஒரு ஆய்வகத்தின் ஊதாவும் இன்னொரு ஆய்வகத்தின் ஊதாவும் ஒன்றாக இருக்காது. இந்தச் சிறு வேறுபாடு பின்னால் பெரிய வம்பாக முளைக்கப்போகிறது.

நெடுங்காலம் பிளாக்கிடம் கேட்ட முக்கியக் கேள்வி இதுதான்: இது புற்றுநோயா, இல்லையா? 1987-இல் கேள்வி மாறியது. லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் ஹெர்2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதைக் காட்டியது. அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பின்னாளில் செய்த கணக்கெடுப்புகள் இந்த அளவை 15 முதல் 20 சதவீதம் என்று வைக்கின்றன. பெருகிய புரதத்தையே குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரதத்தை ஜெனன்டெக் நிறுவனம் உருவாக்கியது. 1998 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. அதே நாளில் இன்னொன்றுக்கும் அனுமதி கொடுத்தது: இந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஹெர்செப்டெஸ்ட் என்ற பிளாக் சோதனைக்கு.

அந்த நாளை நான் மிகப் பெரிய நாளாகக் கருதுகிறேன். சோதனை இல்லாமல் மருந்து இல்லை, மருந்துக்கு இருக்கும் கண்டிப்பு சோதனைக்கும் வேண்டும் என்ற நெறி அன்று நடைமுறைக்கு வந்தது. மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் படுத்திருந்த பெண்கள், தங்கள் கட்டியின் இயல்பால் வெவ்வேறு சிகிச்சைக்கு உரியவர்கள் ஆனார்கள். 2014-இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இந்த மருந்தின் உள்நாட்டு வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இங்கேயும் அது கொஞ்சம் எட்டும் தூரத்துக்கு வந்தது.

ஆனால் நெறி காகிதத்தில் இருந்தது. பிளாக் ஆய்வகத்தில் இருந்தது. 2007-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோய்க்குறியியலாளர் கல்லூரியும் தாங்களே ஒப்புக்கொண்டன: நடைமுறையில் செய்யப்படும் ஹெர்2 சோதனைகளில் சுமார் 20 சதவீதம் தவறாக இருக்கலாம். ஃபார்மலினுக்கு மணிக்கணக்கு விதித்தது அந்தச் சமயத்தில்தான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே தவறியது ஹெர்2 அல்ல. ஹார்மோன் ஏற்பி என்ற வேறொரு சோதனை. ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை பலன் தரும். இல்லையென்றால் தர மாட்டார்கள். 2005-இல் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில், ஏற்பி இல்லை என்று முன்பு சொல்லப்பட்ட ஒரு நோயாளியின் திசுவை மறுபடி சோதித்தபோது, இருக்கிறது என்று வந்தது. சந்தேகம் விரிந்தது. 1997-லிருந்து 2005 வரை இல்லை என்று முடிவு சொன்ன ஏறத்தாழ ஆயிரம் பேரின் திசுக்களை அலமாரியிலிருந்து எடுத்து டொரன்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 300-க்கும் மேற்பட்டவர்களின் முடிவு தவறு என்று தெரியவந்தது. சாதாரண மாத்திரை ஒன்றால் பலன் பெற்றிருக்கக்கூடிய பெண்கள் அது கிடைக்காமலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். தவறு எவ்வளவு பெரியது என்பதை மக்களிடம் உடனே சொல்லவும் இல்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து 2009-இல் அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கை ஒரு தனிமனிதரைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை. திசுவைப் பதப்படுத்துவதில் ஒழுங்கில்லை, தரத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை என்று அமைப்பு முழுவதையும் காட்டியது. உண்மை வெளிவந்ததற்குக் காரணம், யாரோ அந்த பிளாக்குகளை எண் அழியாமல், தூக்கி எறியாமல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான். பிளாக் இல்லாவிட்டால் சாட்சியே இல்லை.

பயணத்தின் அடுத்த திருப்பம் 2022 ஜூன், சிகாகோ. டிராஸ்டுசுமாபோடு கீமோ மருந்தைக் கோத்து உருவாக்கிய டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஹெர்2 மிகக் குறைவாக உள்ள பெண்களுக்கும் பலன் தருகிறது என்று அங்கே ஒரு ஆய்வு அறிவிக்கப்பட்டது. 557 நோயாளிகள், நோய் முற்றாமல் கழிந்த காலம் கீமோ பெற்றவர்களுக்கு 5.1 மாதம், இந்த மருந்து பெற்றவர்களுக்கு 9.9 மாதம். அரங்கத்திலிருந்த மருத்துவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரியில், அதைவிடவும் குறைவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பவர்களில் ஒரு பிரிவினருக்கும் அனுமதி விரிந்தது. மருந்து விலை மிக அதிகம். 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு இதற்குச் சுங்க வரியை நீக்கியது.

இங்கேதான் பிளாக்கிடம் கேட்கும் கேள்வி மிகக் கடினமாகிறது. ஹெர்2 சோதனையில் செல்லின் விளிம்பு பழுப்பாக நிறமேறும். விளிம்பு முழுவதும் அழுத்தமான பழுப்பு என்றால் 3+. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில், பார்த்தால் உண்டு என்பதுபோல் மங்கலாக, முழுச் சுற்றும் சூழாமல் தெரிந்தால் 1+. அதற்கும் கீழே போனால் 0. முன்பு 0 என்றாலும் 1+ என்றாலும் சிகிச்சை ஒன்றுதான். அதனால் யாரும் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த மங்கலான கோடு உண்டா இல்லையா என்பதில் ஒரு பெண்ணுக்கு மருந்து உண்டா இல்லையா என்பது தொங்குகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 18 மருத்துவர்களிடம் 170 பயாப்சி ஸ்லைடுகளைக் கொடுத்துப் பார்த்தது. 0-வா 1+-ஆ என்று பிரிப்பதில் அவர்களிடையே ஒப்புதல் 26 சதவீதம்தான் இருந்தது. இதில் மருத்துவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பிரிப்பதற்காக அந்தச் சோதனை 1998-இல் உருவாக்கப்படவே இல்லை.

செயற்கை நுண்ணறிவைக் கூப்பிடும் தேவை வந்தது இப்படித்தான். அதற்கு முன்னால் கண்ணாடி ஸ்லைடு கோப்பாக மாற வேண்டும். 40 மடங்குப் பெரிதாக்கலில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் கால் மைக்ரான். ஒன்றரை சென்டிமீட்டர் சதுரச் சதை 60,000 பெருக்கல் 60,000 புள்ளிகளாகிறது, 360 கோடி. எந்த அல்காரிதமும் இதை ஒரே வாயில் விழுங்காது. 256 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் 50,000-க்கும் மேற்பட்ட சதுரங்கள் வரும். ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டிப் பார்த்து முடிவு சொல்லும். இப்படிக் கணினித் திரையில் பார்த்து நோயறிய அமெரிக்கா முதல் அனுமதியை 2017 ஏப்ரலில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கருவிக்குக் கொடுத்தது. ஸ்லைடைப் படிக்க உதவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு, புராஸ்டேட் புற்றுநோயில், 2021 செப்டம்பரில் கொடுத்தது.

சாதனைகள் உண்மையானவை. நெதர்லாந்தின் இரண்டு மருத்துவமனைகளின் ஸ்லைடுகளை வைத்து நடந்த கேமலியான் போட்டியில், நிணநீர்க் கணுவில் பரவிய மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் சிறந்த அல்காரிதம்கள், நேரக் கட்டுப்பாட்டோடு 129 ஸ்லைடுகளைப் பார்த்த 11 மருத்துவர்களை முந்தின. ஆனால் நேரக் கட்டுப்பாடின்றிப் பொறுமையாகப் பார்த்த ஒரு மருத்துவர் அல்காரிதத்தோடு ஏறக்குறைய சமமாக நின்றார். களைப்பில்லாமல், அவசரப்படாமல் பார்ப்பது கணினியின் பலம். நமக்கு அது உதவும். ஹெர்2 ஸ்லைடுகளிலும் மென்பொருள் துணையோடு படிக்கும்போது மருத்துவர்களிடையே ஒப்புதல் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த மென்பொருளுக்குப் பாடம் எடுத்தது யார்? மருத்துவர்கள் முன்பு குறித்துவைத்த 0, 1+ விடைகள்தான். ஆசிரியர்களே ஒத்துப்போகாத பாடத்தை மாணவன் எவ்வளவு சரியாகப் படித்துவிட முடியும்? மருந்து கொடுத்தபின் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்ற தகவலோடு ஸ்லைடைச் சேர்த்துப் படிக்கவைக்கும்போதுதான் கணினியின் கணிப்புக்கு உறுதியான அடித்தளம் கிடைக்கும்.

அடுத்தது, ஊதா நிற வம்பு. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு 2006-இல் தொடங்கியது. 33 வகைப் புற்றுநோய், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். உலகத்தில் புற்றுநோய்க்கு மென்பொருள் எழுதுகிறவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. 2021-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தவர் அந்த ஸ்லைடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த மருத்துவமனையிலிருந்து வந்த ஸ்லைடு என்பதை அல்காரிதம் மிகத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. சாயத்தின் அழுத்தம், ஏட்டின் தடிமன், ஸ்கேனரின் சுபாவம் எல்லாம் சேர்ந்து ஆய்வகத்தின் முத்திரையாகப் படிந்திருந்தது. நிறத்தைச் சமப்படுத்தியும் அந்த முத்திரை போகவில்லை. இதன் விளைவு என்ன? ஒரு மருத்துவமனைக்கு முற்றிய நோயாளிகள் அதிகம் வந்தால், அல்காரிதம் நோயைப் படிக்காமல் மருத்துவமனையைப் படித்துவிட்டு, முற்றிய நோய் என்று சொல்லிவிடக்கூடும். மதிப்பெண் அட்டையில் அது கெட்டிக்காரனாகவே தெரியும். வேறு ஊர் ஸ்லைடைக் கொடுத்தால் தடுமாறும். அந்த வேறு ஊர் பெரும்பாலும் நம் ஊர்தான்.

அந்தத் தொகுப்பில் பெரும்பாலானோர் வெள்ளையர். இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மேற்கத்தியப் பெண்களைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-வும் இல்லாத கடுமையான வகையும் இங்கே அதிகம். அதனால் நம் தரவு நமக்கு வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்து வரிசைப்படுத்திய 960 எக்சோம்கள், அதாவது புரதங்களுக்கான மரபணுப் பகுதிகள், அதில் உள்ளன. கட்டியில் மட்டும் இருப்பது எது, பிறப்பிலேயே வந்தது எது என்று பிரித்தறிய இந்த இணைதான் உதவும். எண்ணிக்கை சிறியது. ஆண்டுதோறும் இந்தியாவில் 1,90,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. ஆனாலும் இது சரியான திசையில் எடுத்துவைத்த அடி. சென்னையிலிருந்து எடுத்துவைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி சட்டம். பிளாக் அலமாரியில் இருக்கும்வரை இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அதைத் திரும்பிப் பார்க்காது. அந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கு மட்டும்தான். ஸ்கேனர் விளக்கு ஸ்லைடின்மேல் விழுந்து, படத்தோடு நோயாளியின் அடையாளமும் கோப்பில் சேர்ந்ததும் சட்டம் விழித்துக்கொள்ளும். சம்மதம் வேண்டும், நோக்கம் சொல்ல வேண்டும், காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆராய்ச்சிக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை வைத்து அந்த நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அவரவருக்கேற்ற மருத்துவத்தின் வேலையே அந்த நபரைப் பற்றி முடிவெடுப்பதுதானே! ஆராய்ச்சி எங்கே முடிகிறது, சிகிச்சை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு மருத்துவமனையும் இனி நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

பலர் அறியாத ஒரு விஷயம்: ஸ்கேனர் சதையை மட்டும் படம் எடுப்பதில்லை. ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய லேபிளையும் எடுத்து அதே கோப்புக்குள் வைத்துவிடும். பெயரை நீக்கிவிட்டோம் என்று நம்பி அனுப்பும் கோப்பின் உள்ளே, லேபிள் படத்தில் பெயர் அப்படியே இருக்கலாம்.

சதை யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் 1990-இல் மூர் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், அறுத்தெடுத்த திசுவிலிருந்து உருவான செல் வரிசைமேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஆராய்ச்சிக்குக் கொடுத்த மாதிரியும் தரவும் கொடுத்தவருக்கே சொந்தம். நிறுவனம் காப்பாளர் மட்டுமே. அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நாம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க நிலைப்பாடு இது. ஆனால் இதை அறிந்த நோயாளிகள் எத்தனை பேர்?

மென்பொருளுக்கும் விதிகள் வந்துவிட்டன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவ மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற கணக்கில் வருகிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், மருத்துவக் கருவிகளில் இயங்கும் செயற்கை நுண்ணறிவில் பெரும்பகுதியை அதிக ஆபத்துள்ள வகையில் வைக்கிறது. அமெரிக்கா 2024 டிசம்பரில், அல்காரிதம் பின்னாளில் எப்படியெல்லாம் மாறும் என்ற திட்டத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அனுமதி பெறும் வழியை வகுத்தது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவை எல்லாமே கோப்பு பிறந்த பிறகு தொடங்குகின்றன. அந்தக் கோப்புக்கு உணவளிக்கும் ஆய்வகத்துக்கு இந்தியாவில் தேசியத் தரச்சான்று வாங்குவது கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால் வாங்கலாம். மென்பொருளுக்கு உரிமம் கேட்கிற நாடு, ஃபார்மலினில் போட்ட நேரத்தை யாரிடமும் கேட்பதில்லை. இது தலைகீழான ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து. கட்டியை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் இல்லாத புற்றுநோய் அறிக்கை செல்லாது என்று ஒரே ஒரு வரி விதி போட்டால் போதும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. கடிகாரமும் பேனாவும் எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கின்றன.

பிளாக்குக்கும் முடிவு உண்டு. ஊசியால் எடுத்த பயாப்சியில் சதை நூலிழை அளவுதான் இருக்கும். ஹார்மோனுக்கு ஓர் ஏடு, ஹெர்2-வுக்கு ஓர் ஏடு, மரபணுவுக்குப் பத்து ஏடு, மறுபரிசோதனைக்கு இன்னும் சில என்று சீவச் சீவ, ஒருநாள் வெறும் மெழுகுதான் மிஞ்சும். புது மருந்து வரும்போது கேட்க வேண்டிய கேள்விக்கு விடை சொல்லச் சதை இருக்காது. எந்தச் சோதனைக்கு எவ்வளவு செலவிடுவது என்று முதலிலேயே யோசிக்கிற நோய்க்குறியியல் மருத்துவர் அந்த நோயாளிக்குச் செய்யும் உதவி சிறியதல்ல.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டியை எடுத்தால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். ஃபார்மலினில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அறிக்கையில் அந்த நேரம் இருக்கிறதா? பிளாக்கை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், நாங்கள் கேட்டால் தருவீர்களா? இந்தச் சம்மதப் படிவத்தில் ஆராய்ச்சிக்கு என்று எழுதியிருப்பதில் எங்கள் ஸ்லைடின் படமும் சேர்த்தியா, அது யாரிடம் போகும்? ஹெர்2 முடிவு 0 என்றால், இன்னொரு மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்வாரா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். பிளாக்கைக் கையில் வாங்கினால் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகும்.